மீன் ஏற்றக்கூடாத கார்

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் கொண்டுவருபவள் துர்கா. பனையூர்க் குப்பத்துக்காரி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கேட்டால் முப்பத்தெட்டு என்பாள். நான் அறிந்து ஐந்து வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெருவில் பேரம் பேசி அவளை வென்றவர் எவரும் இல்லை. ஆனால் தோற்றவரை வென்றவராக நினைக்கவைத்து வீட்டுக்குள் அனுப்பிவிடுவாள். என் மனைவி இன்றுவரை தான் கெட்டிக்காரி என்றுதான் நம்புகிறாள்.

அப்படிப்பட்ட துர்கா 2006 ஆடி மாதத்தில் ஒருநாள் பேரமே பேசாமல், கேட்ட விலைக்கு மீனைக் கொடுத்தாள். காலை ஒன்பதுக்கு வருகிறவள் அன்று வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தலையில் அலுமினிய அன்னக்கூடை, முகமெல்லாம் வேர்வை. சங்கரா மீனின் கண்ணெல்லாம் மங்கிக் கிடந்தது.

விஷயம் இதுதான். சோழிங்கநல்லூரில் ஏறிய பஸ்ஸில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். அவனைப் பார்த்து இன்னொருவர் பொத்தினார். பெரும்பாக்கம் ஏரி தாண்டியதும் கண்டக்டர் விசில் கொடுத்து அவளையும் கூடையையும் இறக்கிவிட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் வந்து, கூடையைப் பார்த்து, வேகம் பிடித்தார்கள். ஐஸ் உருக உருக அந்தத் தண்ணீர் முதுகில் வழிய, மேடவாக்கம் வழியாக நடந்தே வந்திருக்கிறாள்.

“நாறுதாம் சார்,” என்றாள் என்னிடம். “ராத்திரி துன்னும்போது மட்டும் மணக்குது போல.”

கூடையை இறக்கிவைத்து, எதிர்வீட்டு மதிலோரம் முருங்கை மர நிழலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் மதிலுக்கு உள்ளே எட்டிப்பார்த்திருக்கிறாள்.

“இன்னா சார் இது? காரு மேல வடாம் காயுது?”

அது ராஜாராமன் சாருடைய கார். அவர் நந்தனம் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். சுத்த சைவம். 1989இல் ஓய்வுபெற்றுப் போன மேலதிகாரி ஒருவரிடம் அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கினார். ஏழு வருடம் ஓட்டினார், அதாவது வண்டி சம்மதித்த நாட்களில் ஓட்டினார். 1996இல் ஒருநாள் கீழ்க்கட்டளையில் நின்றுபோன வண்டியை நாங்கள் ஆறு பேர் தள்ளிக்கொண்டுவந்து முருங்கை மரத்தடியில் விட்டோம். அதற்குப் பிறகு அது நகரவில்லை.

வண்டி நகரவில்லையே தவிர, அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. “அடுத்த மாசம் ரெடி பண்ணிடப் போறேன் சார்” என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னிடம் சொல்வார். அதற்காகத் தடியான பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்று வாங்கினார். பாலிஷ் டப்பா வாங்கினார். பாலிஷ் டப்பா துருப்பிடித்துப்போனது. அவர் மனைவி சுந்தரவல்லி பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், பொறுமையான பெண்மணி. அகலமான, சரிவான அந்த முன்மூடியைப் பார்த்து, கணவர் செய்யாததை அவர் செய்தார். வண்டிக்கு ஓர் உபயோகம் கண்டுபிடித்தார். எங்கள் தெருவிலேயே மொறுமொறுப்பான வடாம் அவர்களுடையதுதான்.

துர்கா அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்து, ராஜாராமன் ஆபீஸிலிருந்து வந்ததும் நேராகக் கேட்டுவிட்டாள்.

“சார், இந்தக் காரை எனக்கு குட்த்துடேன்.”

ராஜாராமன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “உனக்கா? எதுக்கு?”

“மீனு ஏத்தத்தான். பின்ன, ஊர்கோலமா போவப்போறேன்?”

அவருக்கு அரை நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது, அரைமணி நேரத்துக்கு வந்தது. இது சாதாரணக் கார் இல்லை, கிளாசிக் கார். இதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர். இந்த மாதிரி வண்டிகள் நம்ம வண்டலூர்ப் பக்கத்திலேயே செய்யப்பட்டவை. இது எத்தனை சின்ன வட்டத்தில் திரும்பும் தெரியுமா. துர்கா முழுவதையும் கேட்டாள். கடைசி விஷயத்தில் மட்டும் அவள் புருவம் உயர்ந்தது.

“சின்ன சந்துல கூட திரும்புமா?”

“ஆட்டோ மாதிரி திரும்பும்மா!” என்றார் பெருமையாக. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு முடியாது என்று அனுப்பிவிட்டார். அவளும் வாரத்துக்கு மூன்று முறை வந்து மூன்று முறை கேட்டாள். கார்த்திகையில் காரின் டிக்கிக்குள் பெருச்சாளி ஒன்று குட்டி போட்டது. குட்டி போட்டதோடு நிற்காமல் சுந்தரவல்லியின் சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. பொறுமையான அந்த டீச்சர் கையில் துடைப்பத்துடன் வாசலுக்கு வந்து, தெரு கேட்கச் சொன்னார்:

“என்னங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வீட்டுல ஒண்ணுதான் இருக்கணும். ஒண்ணு அந்தக் கார், இல்லாட்டி நான்.”

ராஜாராமன் இரண்டு நாள் யோசித்தார். அவர் யோசிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டதைச் சுந்தரவல்லி இன்னும் மறக்கவில்லை.

வண்டியைத் துர்காவுக்கே கொடுப்பது என்று முடிவானது. விலையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நிபந்தனைகளைத்தான் பேசினார், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிவைத்தே பேசினார். இளம்பச்சை நிறத்தை மாற்றக்கூடாது. வெளி வடிவத்தில் கைவைக்கக்கூடாது. மூன்றாவதாக, மீன் ஏற்றக்கூடாது.

நான் சாட்சியாக நின்றுகொண்டிருந்தேன். மீன்காரியிடம் காரைக் கொடுத்துவிட்டு மீன் ஏற்றாதே என்கிறாரே, இவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன்.

“செரி சார்,” என்றாள் துர்கா. “மீனு ஏத்தல.” அவ்வளவுதான்.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் மெக்கானிக் அசரியா ஷெட் வைத்திருந்தார். இளமையில் அந்தக் காரைச் செய்த பழைய கம்பெனியிலேயே ஏழு வருடம் வேலை பார்த்தவர். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட ஹெரால்டைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். முன்மூடியைத் தூக்கினார். அந்த வண்டியில் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாகத் திறக்கும், முதலை வாயைப் பிளப்பதுபோல. உள்ளே பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் கால் இரண்டும் தரையில் பட்டன. வண்டியின் தரையில் இல்லை, சேலையூரின் தரையில்.

“யக்கா, இதுக்கு எஞ்சினே வேணாம்க்கா,” என்றார். “உள்ள ஒக்காந்து அப்படியே நடந்துனு போய்டலாம்.”

துர்கா சிரிக்கவில்லை. “ஆவுமா ஆவாதா, அத்த சொல்லு.”

ஆகும் என்றார் அசரியா. பழைய எஞ்சினுக்குச் சாமான் தேடி அலைவதைவிட ஆம்னி வேனின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைத்துவிடலாம், அளவாக உட்காரும், மெட்ராஸில் பலபேர் வைத்திருக்கிறார்கள். பிரச்சினை அடித்தகடுதான். எங்கே வெல்டிங் வைத்தாலும் பக்கத்தில் ஓட்டை விழுந்தது.

அதைத் தீர்த்தவன் துர்காவின் கணவன் ஜீவானந்தம். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கு ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது, அவற்றை ஒட்டுப்போடக் கற்றுக்கொண்டவன். கட்டுமரக் காலத்திலிருந்தே கடலுக்குப் போகிறவன். மனைவி கார் வாங்கியதில் அவனுக்கு உடன்பாடு இல்லை. குப்பத்தில் எல்லோரும் “ஓனர், ஓனர்” என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், அவனை இல்லை, அவளை. ஆனாலும் ஒருநாள் சும்மா எட்டிப்பார்ப்பதுபோல ஷெட்டுக்கு வந்தான். தகட்டை விரலால் தட்டினான்.

“இன்னா மெக்கானிக்கு, தகடு வெக்கிற? உப்புத்தண்ணி வுழுந்தா ஆறு மாசம் தாங்குமா? ஃபைபரு போடு. உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்.”

“இது காருப்பா, படகு இல்ல.”

“அடி ஒண்ணுதான்யா. போட்டுக்கு இன்னா, காருக்கு இன்னா.”

மூன்று நாள் சண்டை போட்டார்கள். நான்காம் நாள் ஜீவானந்தம் கண்ணாடி நார்ப் பாயும் ரெசின் டின்னுமாக வந்து இறங்கி, சட்டத்தின்மேல் புதிதாக ஒரு தரையே வார்த்தான். மிச்சமிருந்த ரெசினில் பின்சீட்டு இருந்த இடத்துக்கு அளவெடுத்து ஒரு பெட்டி செய்தான். இரட்டைச் சுவர், நடுவில் தெர்மோகோல், ரப்பர் பட்டி வைத்த மூடி, ஐஸ் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு குழாய். நாலு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி கையோடு வந்துவிடும். அசரியா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவே இல்லை. ஆனால் தன் ஷெட்டுக் கூரையின் ஒழுகலை அடைத்துத்தர முடியுமா என்று கேட்டார்.

இதில் வேடிக்கை ராஜாராமன் சார்தான். பத்து வருடம் ஒரு ஸ்பேனரைத் தொடாத மனிதர், வண்டி கைமாறியதும் ஒரு ஞாயிறு தவறாமல் சேலையூர் ஷெட்டில் ஆஜராகிவிட்டார். அந்தத் தடிப்புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, “அசரியா, பக்கம் நூத்திநாற்பத்தி ரெண்டுல அப்படி இல்லையே” என்பார். ஆம்னி எஞ்சின் உள்ளே இறங்கிய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அது ஒரே சாவியில் உறுமி எழுந்ததும் பாதி டீயைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

“சார், கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க சார்,” என்றார் அசரியா. “எஞ்சின் மேல கண்ணு படுது.”

நிறத்துக்கும் ராஜாராமன் வந்து நின்றார். வெளுத்துப்போன வண்டியில் இளம்பச்சை என்றால் எந்த இளம்பச்சை என்று தெரியாமல், கடைசியில் அவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்த பழைய சாவிக்கொத்தின் பட்டையில் ஒட்டியிருந்த துளி பெயிண்ட்டை வைத்துக் கலந்தார்கள். கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. “பச்சை மொளகா கலரு,” என்றாள் துர்கா. அவளுக்குப் பிடித்திருந்தது.

இதற்கிடையில் மேடவாக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஸ்டியரிங் அவளுக்குச் சீக்கிரம் வந்தது. வாயைத்தான் சொல்லிக்கொடுத்தவரால் அடக்க முடியவில்லை. தண்ணி லாரி குறுக்கே வந்தால் பிரேக்கைப் போடுவதற்கு முன்பே கண்ணாடியை இறக்கித் திட்டத் தொடங்கிவிடுவாள். லைசென்ஸ் கிடைத்த அன்று அவர் சந்தோஷத்தில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

2007 சித்திரையில் வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வந்தது. முதல் பயணமாக அவள் மீன் எடுக்கப் போகவில்லை. மாங்காடு அம்மன் கோயிலுக்கும் போகவில்லை. ஊரப்பாக்கத்துக்குப் போனாள். அங்கேதான் அவளுடைய நாத்தனார் இருந்தாள். அவள் கணவருக்கு ரயில்வேயில் வேலை, சொந்த வீடு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்ட பால்கனி. பொங்கலுக்குப் பொங்கல் அந்த பால்கனியிலிருந்து, “இன்னும் கூடை தூக்கினுதான் கீறியா அண்ணி?” என்று கேட்பாள். அந்த பால்கனிக்குக் கீழே போய் நின்று ஆரன் அடிப்பது ஒன்றுதான் துர்காவின் திட்டம். வேறு வேலை அவளுக்கு அங்கே இல்லை.

“அம்மாந்தூரம் போறதா இருந்தா ஒண்ணு பண்ணுங்கக்கா,” என்றார் அசரியா. “பெருங்களத்தூர் தாண்டினதும் பழைய கம்பெனி கேட்டு வரும். மூடித்தான் கெடக்கும். அங்க ஒரு ஆரன் அடிங்க.” அடித்தாளாம். பூட்டிய கேட்டருகே உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டாராம்.

பக்கத்தில் ஜீவானந்தம், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தாம்பரம் பாலம் இறங்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டான். வண்டலூரில் முகம் வண்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. மிருகக்காட்சிசாலை வாசலைத் தாண்டியதும் கையை ஆட்டினான். அவள் ஓரமாக நிறுத்தினாள். இருபத்தைந்து வருடம் அலையில் ஆடியவன், ஐப்பசிக் காற்றில் தனியாகக் கரை சேர்ந்தவன், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து காலையில் தின்ற இட்லியைத் திருப்பிக் கொடுத்தான்.

“இன்னாய்யா?” என்றாள் துர்கா, தண்ணீர் பாட்டிலை நீட்டி.

“தண்ணில ஆடுனா ஒடம்பு ஏத்துக்குதுமே. தரையில ஆடுனா ஏத்துக்கல.” வாயைத் துடைத்துக்கொண்டு, “குப்பத்துல சொல்லாத,” என்றான்.

குப்பத்தில் அவள் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மட்டும்தான் சொன்னாள், நாத்தனார் பால்கனிக்குக் கீழே ஆரன் அடித்ததையும் சேர்த்து.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் பச்சை ஹெரால்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. ராஜாராமன் வாசலில்தான் இருந்தார். வண்டி தெருக்கோடியில் ஒரே வீச்சில் வட்டமடித்துத் திரும்பியபோது அவர் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகமாக மலர்ந்தது. பின்கதவு திறந்து, பெட்டி மூடி தூக்கப்பட்டு, ஐஸ் புகை எழும்பியதும் அது அப்படியே சுருங்கியது.

“துர்கா! நீ என்கிட்ட என்ன சொன்ன?”

“மீனு ஏத்தலன்னு சொன்னேன்.”

“அப்போ இது என்ன?”

அவள் கை நிறைய அள்ளி எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அவர் இரண்டடி பின்வாங்கினார். “நல்லா பாரு சார். எறா. அந்தாண்ட கீறது நண்டு. எறா மீனா? நண்டு மீனா? நீயே சொல்லு.”

ராஜாராமன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் நியாயமான மனிதர். தெரியாத விஷயத்தில் வாதாட மாட்டார். உள்ளே போய் மனைவியிடம் கேட்டார். தெருவுக்கே கேட்டது அந்தச் சம்பாஷணை.

“சுந்தரா, இறால் மீன்தானே?”

“இல்லீங்க. கணுக்காலி. பூச்சி, தேள், நண்டு, எல்லாம் ஒரே தொகுதி. எட்டாங்கிளாஸ் பாடம்.”

“முதுகெலும்பு?”

“கிடையாது.”

அவர் வெளியே வந்தார். “சரி,” என்றார். வேறென்ன சொல்ல முடியும்? இரண்டு வாரத்துக்கு இறாலும் நண்டும் கடம்பா என்கிற கணவாயுமாக வந்தன. மூன்றாவது வாரம் வஞ்சிரம் வந்தது. அதற்கு முதுகெலும்பு இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ராஜாராமன் அன்று வாசலுக்கே வரவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு எஞ்சின் சத்தம் சீராக இருக்கிறதா என்று மட்டும் காதுகொடுத்துக் கேட்டாராம்.

மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஒரு போக்குவரத்துக் காவலர் மடக்கிய கதையும் உண்டு.

“என்னம்மா, காருக்குள்ள இவ்ளோ மீனு?”

“வூட்டுக்கு சார்.”

“இவ்ளோவுமா?”

“பெரிய குடும்பம் சார்.”

அவர் பெட்டியைப் பார்த்தார், முதலை வாயைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பார்த்தார். பிறகு, தன் அப்பாவிடம் இதே வண்டி இருந்தது என்று சொல்லி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தொட்டுப்பார்த்துவிட்டு விட்டுவிட்டார். துர்கா அரைக்கிலோ நெத்திலி நீட்டியதை வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் அவளே சொன்னாள், கொஞ்சம் வருத்தத்தோடு.

2008 நவம்பர் மழையில் எங்கள் தெரு ஏரியானது. அன்றைக்குச் சரக்கு எல்லாம் விற்றுவிட்டு, காலிப் பெட்டியை இறுக மூடி, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு துர்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். கீழ்க்கட்டளைப் பக்கமிருந்து தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. இரட்டைச் சுவர்ப் பெட்டியும் ஃபைபர்த் தரையும் சேர்ந்து அதைப் பாதிப் படகாக்கிவிட்டிருந்தன. எஞ்சின் பாரத்தில் மூக்கு மட்டும் தரையில் ஊன்றியிருக்க, வால் தெருவின் குறுக்கே நிதானமாக வட்டமடிக்கத் தொடங்கியது.

“காரு மெதக்குது!” என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

ராஜாராமன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி, கிணற்றுக் கயிற்றைப் பின்பம்பரில் கட்டி, தன் வீட்டு கேட்டோடு பிணைத்துக்கொண்டிருந்தார். துர்கா டம்ளரோடு நின்று உத்தரவு போட்டாள். “சுருக்கு அப்டி போடக்கூடாது சார், அவுந்துரும். இன்னொரு சுத்து சுத்து. இன்னா சார் நீ, ஒரு முடிச்சு போடத் தெரில!” சூப்பிரண்டெண்ட் இன்னொரு சுற்று சுற்றினார். தண்ணீர் வடிய ஒன்றரை நாள் ஆனது. மூக்குப்பக்கத்து வயரிங் போய்விட்டது. அசரியா வந்து முழுவதையும் மாற்றினார். ஜீவானந்தத்துக்கு மட்டும் சொல்லமுடியாத பூரிப்பு. “நான் சொன்னேனா இல்லையா, அடி ஒண்ணுதான்” என்று ஷெட்டில் எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொன்னான்.

அடுத்த தை மாதத்தில் மகள் அஞ்சலிக்குக் கல்யாணம். பி.காம் முடித்தவள். மாப்பிள்ளை எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பம், துறைமுகத்தில் வேலை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். துர்கா கேட்கவில்லை. “எம் பொண்ணு கல்யாணத்துக்கு வேற காரா?”

சிக்கல் வாசனை. ஒன்றரை வருட மீன் அந்த வண்டிக்குள் ஊறியிருந்தது. எங்கள் தெருப் பூனைகளுக்கு அது கோயில் தேர் மாதிரி, நின்றால் சுற்றிவரும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் சுந்தரவல்லியின் முன்னால் வந்து நின்றாள். முதல்முறையாக அவள் குரல் இறங்கியிருந்ததைக் கேட்டேன்.

“டீச்சரம்மா, சம்பந்திங்க மூக்க பொத்துனாங்கன்னா, எம் பொண்ணு மூஞ்ச எங்க வெச்சிக்கும்? அவ வாழப்போற எடம்.”

சுந்தரவல்லி அன்றே களத்தில் இறங்கினார். பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தார்கள். புளிக்கரைசல், எலுமிச்சை, சோடா உப்பு என்று மூன்று நாள் தேய்த்தார்கள். வெயிலில் கதவெல்லாம் திறந்துபோட்டார்கள். சீட்டுக்கடியில் தட்டுத்தட்டாக காபிப்பொடி வைத்தார். ராஜாராமன் தன் வீட்டுப் பரணிலிருந்து துணி போட்டுச் சுற்றிய ஒன்றை இறக்கினார்: வண்டியின் பழைய பின்சீட்டு. கார் கொடுக்கும்போது அதை மட்டும் கொடுக்காமல் ஒளித்துவைத்திருக்கிறார். கல்யாணத்தன்று காலையில் ஒரு டப்பா முழுவதும் மல்லிகை வாசனை ஸ்ப்ரேயை அவரே அடித்துத் தீர்த்தார். மேலே சரம்சரமாக மல்லிகைப்பூ.

பனையூரில் ஊர்வலம் கிளம்பியது. துர்காதான் ஓட்டினாள், பட்டுப்புடவை, கையில் ஸ்டியரிங். பெண்ணின் அம்மா வண்டி ஓட்டுவதா என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். ஆரன் அடித்தாள், அவர் ஒதுங்கிக்கொண்டார். ஜீவானந்தம் வண்டியில் ஏறாமல் முன்னால் மேளத்தோடு நடந்தான். மாமனார் நடப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் மெச்சினார்கள். பின்சீட்டில் மாப்பிள்ளை, அவர் பக்கத்தில் அவருடைய அப்பா அப்பாதுரை. ராஜாராமனும் நானும் ஜன்னலை ஒட்டி நடந்தோம். சார் அடிக்கடி குனிந்து அப்பாதுரையின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் அப்பாதுரை முகம் சுளித்தார். மூக்கைத் தேய்த்தார். துர்கா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டாள். வண்டி லேசாகக் குலுங்கியது.

“சம்பந்தி,” என்றார் அப்பாதுரை. “தப்பா நெனச்சிக்காத. வண்டில ஒரே நாத்தம்.”

துர்காவின் தோள் இரண்டும் இறங்கின. ராஜாராமன் கையில் காலி ஸ்ப்ரே டப்பா இன்னும் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இன்னாத்த அடிச்சி வெச்ச? ஒரே செண்டு நாத்தம், தலய வலிக்குது. கண்ணாடிய எறக்கு சொல்றேன். கொஞ்சம் கடக்காத்து வரட்டும்.”

கண்ணாடி இறங்கியது. குப்பத்துக் கருவாட்டு வாசனையோடு காற்று உள்ளே வந்தது. அப்பாதுரை ஆழமாக மூச்சை இழுத்து, “ஆங்,” என்று சாய்ந்து உட்கார்ந்தார். துர்கா சிரித்த சிரிப்பில் மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பட்டுப்புடவை முந்தானையில்தான் துடைத்தாள்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே பின்சீட்டு ராஜாராமன் வீட்டுப் பரணுக்குத் திரும்பியது, பெட்டி வண்டிக்குத் திரும்பியது. ஆனால் இந்த முறை ஜீவானந்தம் பெட்டிக்குள் குறுக்குப் பலகை வைத்து நான்கு அறையாகப் பிரித்திருக்கிறான். குப்பத்தில் துர்காவோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்: கஸ்தூரி, மல்லிகா, தாயாரம்மாள். நான்கு பேரும் நான்கு அறையில் சரக்கை வைத்து, பெரும்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று ஆளுக்கொரு இடத்தில் இறங்கிக்கொள்கிறார்கள். பெட்டி போக மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான். இரண்டு பேர் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்; ஒருவர்தான் முன்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம்.

அந்த முன்சீட்டுக்காகத் தினமும் விடியற்காலையில் பனையூரில் நடக்கும் சண்டையை மீன்பிடி துறைமுகம் தாங்காது என்கிறாள் துர்கா. வயதுப்படி தனக்குத்தான் என்கிறாள் தாயாரம்மாள். முழங்கால் வலி தனக்குத்தான் என்கிறாள் மல்லிகா. கடைசியில் வாரம் ஒருவர் என்று முறை வைத்தார்கள். இந்த வாரம் கஸ்தூரி. அவள் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நான் கும்பிட்டபோதுகூடத் தலையை மட்டும்தான் அசைத்தாள்.